பிளெக்ட்ராந்தஸ் எர்ன்ஸ்டீ

பிளெக்ட்ராந்தஸ் எர்ன்ஸ்டீ என்பது தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையை அண்டிய பாறைச் சரிவுகளில் இயற்கையாக வளரும், பருத்த தண்டினையுடைய சிறிய சதைப்பற்றுத் தாவரமாகும். துளசி, புதினா, தும்பை, கற்பூரவள்ளி ஆகியவற்றை உள்ளடக்கிய லேமியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஒரு சாண் உயரமே வளரும் இச்செடி, சில ஆண்டுகளிலேயே முதிர்ந்த மரமொன்றின் சிற்றுருவம் போன்ற தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. இதனால் ஆங்கிலத்தில் இது 'போன்சாய் மின்ட்' (போன்சாய் புதினா) என்று அழைக்கப்படுகிறது. உலகின் பல நாடுகளில் சதைப்பற்றுத் தாவர ஆர்வலர்களால் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது.

பருத்த தண்டுடைய செடிகள் என்றாலே விலை மிகுந்தவை, மெதுவாக வளர்பவை, எளிதில் மடிந்துவிடுபவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. இவ்வினத்திற்கு அது பொருந்தாது. இதனை உயிருடன் வைத்திருப்பது எளிது; அதன் உருவத்தைக் காப்பதே கடினம். வளமான மண்ணும் தாராளமான நீரும் நிழலும் கிடைத்தால் செடி நன்றாகவே வளரும், ஆனால் எதற்காக வளர்க்கப்படுகிறதோ அந்தத் தோற்றம் மறைந்துவிடும்.

பெயர்

பிளெக்ட்ராந்தஸ் என்னும் பேரினப் பெயரைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே 1788 ஆம் ஆண்டு வெளியிட்டார். குதிமுள் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் பூ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் இணைந்து உருவான பெயர் இது. அவர் முதலில் விவரித்த இனத்தின் பூக்குழலின் அடியில் குதிமுள் போன்ற ஒரு புடைப்பு இருந்தமையே இதற்குக் காரணம். பேரினத்திலுள்ள எல்லா இனங்களுக்கும் இவ்வுறுப்பு இல்லை.

எர்ன்ஸ்டீ என்னும் இனப்பெயர், கேப் டவுன் நகரிலுள்ள கிர்ஸ்டன்போஷ் தேசியத் தாவரவியற் பூங்காவில் நெடுங்காலம் பணியாற்றிய தோட்டக்கலையாளர் எர்ன்ஸ்ட் ஃபான் யார்ஸ்ஃபெல்ட் என்பவரைச் சிறப்பிக்கிறது. இவ்வினத்தை 1982 இல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் தென்னாப்பிரிக்கத் தாவரவியலாளர் எல். இ. கோட் (1908–1999). ஃபான் யார்ஸ்ஃபெல்ட் பின்னர், 2006 இல், தென்னாப்பிரிக்கப் பகுதியின் பிளெக்ட்ராந்தஸ் இனங்கள் பற்றி ஒரு தனி நூலை வெளியிட்டார். செங்குத்துப் பாறைகளில் வாழும் சதைப்பற்றுத் தாவரங்களைப் பற்றிய ஆய்விலும் அவர் ஈடுபட்டார். எர்ன்ஸ்டீயும் அத்தகைய பாறைவாழ் தாவரங்களுள் ஒன்றாகும்.

வகைப்பாடு

பிளெக்ட்ராந்தஸ், கோலியஸ் ஆகிய இரு பேரினங்களின் எல்லை நீண்ட காலமாகக் குழப்பமாக இருந்தது. கோலியஸ் என்னும் பேரினத்தை 1790 இல் லூரெய்ரோ என்பவர் கற்பூரவள்ளியை அடிப்படையாகக் கொண்டு நிறுவினார். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலர் கோலியஸ் இனங்களையும் பிளெக்ட்ராந்தஸ் பேரினத்துள் அடக்கினர். எனவேதான் பழைய நூல்களில் கற்பூரவள்ளி, பிளெக்ட்ராந்தஸ் அம்பாய்னிக்கஸ் எனக் குறிக்கப்பட்டிருக்கும். மரபணுத் தரவுகளின் அடிப்படையில் 2019 இல் வெளியான ஆய்வொன்று கோலியஸ் பேரினத்தை மீண்டும் தனியே பிரித்தது. அதன்படி கற்பூரவள்ளியும், கிழங்குக்காகப் பயிரிடப்படும் சிறுகிழங்கும் கோலியஸ் பேரினத்தைச் சேர்ந்தன. எர்ன்ஸ்டீ பிளெக்ட்ராந்தஸ் பேரினத்திலேயே நீடிக்கிறது.

ஆகவே கற்பூரவள்ளி இச்செடிக்கு உறவினமே தவிர உடன்பிறப்பன்று. எனினும் கற்பூரவள்ளியைத் தொட்டியில் வளர்த்தவருக்கு எர்ன்ஸ்டீயின் இயல்புகள் பல எளிதில் பிடிபடும். ஒடித்து நட்டால் வேர்விடுதல், சில நாட்கள் நீரின்றித் தாங்குதல், ஈரம் தேங்கினால் அழுகுதல் ஆகியன இரண்டிற்கும் பொது.

வாழிடம்

இது குறுகிய நிலப்பரப்பில் மட்டுமே காணப்படும் அகணிய இனமாகும். குவாசுலு-நட்டால் மாகாணத்தின் தென்பகுதியில், போர்ட் ஷெப்ஸ்டோன் நகருக்கு அருகேயுள்ள ஒரிபி மலையிடுக்கிலும், அதற்குத் தெற்கே பாண்டோலாந்து எனப்படும் பகுதியிலும் இது வளர்கிறது. ஒரிபி மலையிடுக்கு, உம்சிம்குல்வானா ஆறு மணற்கல் பாறையை அரித்து உருவாக்கிய ஆழமான பள்ளத்தாக்காகும். ஒரிபி என்பது அப்பகுதியிலுள்ள ஒரு சிறு மான் வகையின் பெயர். பாண்டோலாந்தின் மணற்கல் நிலங்கள், வேறெங்கும் இல்லாத பல தாவர இனங்களுக்கு இருப்பிடமாக இருப்பதால் தாவரவியலாளர்களால் சிறப்பாகக் கருதப்படுகின்றன.

இப்பகுதியில் மழை கோடையில் பெய்கிறது. குளிர்காலம் வறண்டதாகவும் மிதமானதாகவும் இருக்கும். கடலின் அண்மையால் உறைபனி அரிது. ஆண்டு மழை குறைவன்று. பள்ளத்தாக்கின் அடியில் காடுகளே உள்ளன. இருந்தும் அங்கே ஒரு சதைப்பற்றுத் தாவரம் தோன்றியதற்குக் காரணம் பாறையின் அமைப்பே. செங்குத்துப் பாறையின் இடுக்கில் கைப்பிடியளவு மட்கும் மணலுமே சேர்ந்திருக்கும். பெய்த மழை சில மணி நேரத்தில் வழிந்து ஓடிவிடும். ஈரமான நாட்டின் நடுவே, அந்த ஓரடி இடம் மட்டும் பாலைநிலம் போன்றது. மழை நாட்களில் கிடைக்கும் நீரைத் தண்டில் சேர்த்துவைத்து, இடைப்பட்ட வறண்ட நாட்களைக் கடப்பதே இச்செடியின் வழி. வளர்ப்புமுறை முழுவதும் இவ்வொரு செய்தியிலிருந்தே பிறக்கிறது.

தோற்றம்

இது பல்லாண்டு வாழும் பசுமைமாறாச் செடி. உயரம் பெரும்பாலும் 20 முதல் 25 செ.மீ. வரை இருக்கும். இளந்தண்டு, இக்குடும்பத்திற்கே உரியவாறு நாற்கோண வடிவினது. முதிர முதிர உருண்டு, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறமடையும். அடிப்பகுதியும் கிளை பிரியும் இடங்களும் திரண்டு, தண்டு முண்டும் முடிச்சுமாகக் காட்சியளிக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. அடுத்தடுத்த இணைகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கும். இலைப்பரப்பு சிறியது, முட்டை வடிவினது, மென்மையான மயிர்களை உடையது. விளிம்பில் மழுங்கிய பற்கள் உண்டு. கசக்கினால் இலேசான மணம் வரும்.

பூக்கள் கிளை நுனிகளில் நிமிர்ந்த மெல்லிய மஞ்சரிகளில் தோன்றும். அவை சிறியவை, ஈருதடு கொண்டவை, வெள்ளை முதல் வெளிர் நீலம் அல்லது வெளிர் ஊதா வரையிலான நிறத்தவை. மகரந்தத்தாள்கள் நான்கு. இயற்கையில் பூக்கும் பருவம் பெரும்பாலும் தென் அரைக்கோளத்தின் இலையுதிர் காலமாகும். தொட்டிச் செடிகள் பிற மாதங்களிலும் பூப்பதுண்டு. பூக்கள் அழகானவையே. ஆனாலும் பூவுக்காக மட்டும் பிளெக்ட்ராந்தஸ் வளர்க்க விரும்புவோர், கிர்ஸ்டன்போஷ் பூங்காவில் உருவாக்கப்பட்ட 'மோனா லாவெண்டர்' என்னும் கலப்பினத்தைத் தேர்வதே பொருத்தம். எர்ன்ஸ்டீயின் சிறப்பு தண்டில்தான் உள்ளது.

தண்டு பருத்தல்

பருத்த தண்டுடைய செடிகளில் பலவற்றை விதையிலிருந்து வளர்த்தால் மட்டுமே நல்ல வடிவம் கிடைக்கும். தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் பரவலாக விற்கப்படும் அடேனியம் இதற்கு எடுத்துக்காட்டு. விதைச் செடியின் அடி பானைபோல் திரளும், கிளையை வெட்டி நட்டால் அவ்வடிவம் எளிதில் அமையாது. எர்ன்ஸ்டீயில் இவ்வேறுபாடு பெரிதாக இல்லை. விரல் நீளத் தண்டுத் துண்டை நட்டாலும், ஓரிரு ஆண்டுகளில் அதன் அடி தானாகவே பருக்கத் தொடங்கும். இச்செடி விரைவாகப் பரவியதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

பருமன் எவ்வளவு, எவ்விடத்தில் என்பது வளர்ப்பு முறையைப் பொறுத்தது. நல்ல ஒளியில், கணுவிடைகள் குட்டையாக அமையும். கிளைகள் நெருங்கி நிற்கும். தண்டு பருத்துக் கூம்பும். ஒளி குறைந்த இடத்தில் கணுவிடைகள் நீண்டு, தண்டு மெலிந்து, எடை தாங்காமல் சாயும். இவ்வாறு மெலிந்து நீண்ட பகுதி, பின்னர் ஒளிக்குக் கொண்டுவந்தாலும் குட்டையாவதில்லை. அதனை வெட்டி எறிந்து புதுத் துளிருக்கு இடம்விடுவதே வழி. நூல்களில் உள்ள செடியும் வீட்டிலுள்ள செடியும் வெவ்வேறு இனங்கள் போலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் ஒளி வேறுபாடே காரணம்.

வளர்ப்பு

காலை வெயிலும் பகலில் நல்ல வெளிச்சமும் கிடைக்கும் இடம் ஏற்றது. மிதமான தட்பவெப்பத்தில் நேரடி வெயிலையும் தாங்கும். வெப்பமண்டலச் சமவெளிகளின் கோடை நண்பகல் வெயில் இலைகளைக் கருக்கிவிடும். அங்கு நிழல்வலையின் கீழோ கிழக்கு நோக்கிய மாடத்திலோ வைக்கலாம். வீட்டின் உட்புறத்தில், சன்னலிலிருந்து தள்ளி வைப்பது இச்செடிக்குப் பொருந்தாது. குளிர் நாடுகளில் வெப்பநிலை 5 பாகை செல்சியசிற்குக் கீழ் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைபனி பட்டால் நீர் நிறைந்த தண்டு குழைந்து போகும்.

மண் கலவையில் பாதியேனும் நீர் தேக்காத பருமணிகளாக இருக்க வேண்டும். நுரைக்கல், பெர்லைட், கழுவிய பெருமணல், செங்கல் சல்லி ஆகியவற்றுள் கிடைப்பதைப் பயன்படுத்தலாம். மீதிப் பாதிக்கு இலைமட்கு போதும். தென்னைநார்க் கழிவு மட்டும் நிரப்பிய தொட்டிகளில் செடி முதலில் செழித்து வளர்ந்தாலும், மழைக்காலத்தில் அக்கழிவு பல நாட்கள் ஈரத்தைப் பிடித்துவைத்து வேரை அழுகச் செய்யும். வாங்கிவந்த செடி அத்தகைய கலவையில் இருந்தால், வளர்பருவத் தொடக்கத்தில் மாற்றி நடுவது நல்லது. கடற்கரையில் எடுத்த மணலில் உப்பு இருப்பதால் தவிர்க்க வேண்டும்.

தொட்டி சிறியதாக இருத்தல் வேண்டும். செடியின் படர்வை விடச் சற்றே அகலமான, ஆழம் குறைந்த சுட்டமண் தொட்டி போதுமானது. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நனைந்தபடியே இருக்கும். வேர் எட்டிய பிறகோ செடி கட்டின்றி இலைவிட்டுப் பெருகும். இரு வகையிலும் இழப்பே. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து, வேர்த்திரளின் வெளிப்புறத்தைச் சிறிது நறுக்கி, புதுக் கலவையில் நடலாம். அவ்வாறு நடும்போது அடித்தண்டை முன்பிருந்ததைவிட ஒரு விரற்கடை உயர்த்தி நட்டால், மண்ணுள் மறைந்திருந்த பருத்த பகுதி வெளியே தெரியும். வெட்டுப்பட்ட வேர்கள் ஆறுவதற்காக முதல் சில நாட்கள் நீர் ஊற்றாமல் விடுவது வழக்கம்.

நீர் ஊற்றுவதில் கால அட்டவணை எதுவும் பயன்படாது. ஊற்றும்போது தொட்டியின் துளை வழியே வடியும் வரை முழுமையாக ஊற்றி, பின்னர் மண் நன்கு உலரும் வரை காத்திருக்க வேண்டும். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, தண்டின் கழுத்தில் அழுகலை வரவழைக்கும். செடி தன் தேவையைத் தானே காட்டும். முதலில் இளந்துளிர்கள் தளரும். அடுத்து அடி இலைகள் மஞ்சளாகி உதிரும். அதன் பின்னரே தண்டில் சுருக்கம் விழும். துளிர் தளரும் நிலையில் நீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். எனவே ஐயம் ஏற்பட்டால் ஒரு நாள் தாமதிப்பதில் தீங்கில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. வேர் அழுகிய செடியும் நீரின்றி வாடிய செடி போலவே தளர்ந்து காணப்படும். அதற்கு மேலும் நீர் ஊற்றுவது செடியைக் கொன்றுவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தளர்ந்தால், அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் வேர் மட்டுமே பாதிக்கப்பட்டிருக்கும். தொட்டியை மாற்றி உலர்த்தினால் பிழைக்க வாய்ப்புண்டு. அடித்தண்டு குழைந்திருந்தால் அச்செடியின் அடிப்பகுதியை இழந்ததாகவே கொள்ள வேண்டும். உடனடியாக மேலே நல்ல பகுதியைத் தேடி வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரியும் வரை மேலும் மேலும் வெட்டி, முற்றிலும் தூய பசுமையான திசு தெரிந்த பின்னரே அத்துண்டை நடலாம். பல ஆண்டுகள் திரண்ட அடித்தண்டு போய்விட்டாலும், அதே செடி துண்டின் வழியே தொடரும். முதிய செடி வைத்திருப்போர் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று துண்டுகளை நட்டுத் தனியே வளர்த்துவைப்பது இதற்காகவே.

குளிர் மிகுந்த, ஒளி குறைந்த மாதங்களில் நீரைப் பெரிதும் குறைக்க வேண்டும். வெப்ப நாடுகளில் ஆபத்தான பருவம் குளிர்காலம் அன்று, தொடர்மழைக் காலமாகும். இரவும் பகலும் வெப்பமும் ஈரமுமாக இருக்கும் வாரங்களில் செடியை மழைபடாத, காற்றோட்டமான கூரையோரத்தில் வைத்தால் போதும்.

உரம் குறைவாகவே தேவைப்படும். வளர்பருவத்தில் மாதம் ஒருமுறை, பொதியில் குறிப்பிட்ட அளவில் நான்கில் ஒரு பங்கு கரைசல் போதுமானது. தழைச்சத்து மிகுந்த உரமும் தொட்டியில் இடும் மாட்டெருவும் இலையைப் பெருக்கி, கணுவிடையை நீட்டிவிடும்.

உருவமைத்தல்

போன்சாய் என்று அழைக்கப்பட்டாலும் இதன் தண்டு மரக்கட்டையன்று. நீர் நிறைந்தது, எளிதில் முறியக்கூடியது. கம்பி சுற்றி வளைக்கும் முறை இங்கு ஏற்றதன்று. வளைக்கும்போது கிளை முறியும், முறியாவிட்டாலும் கம்பி தோலை அறுத்துத் தழும்பை உண்டாக்கும். வெட்டுவதும் வளர விடுவதுமாக மாறி மாறிச் செய்து உருவமைப்பதே சரியான முறை. சீனாவின் லிங்னான் பகுதிக் குறுமரக் கலை மரபும் இம்முறையையே முதன்மையாகக் கையாள்கிறது.

இலைகள் எதிரெதிராக இருப்பதால், நுனியைக் கிள்ளியதும் அதன் கீழுள்ள கணுவிலிருந்து இரண்டு கிளைகள் கிளம்பும். இரண்டையும் விட்டால் கவட்டை வடிவம் மீண்டும் மீண்டும் அமைந்து செடி துடைப்பம் போலாகிவிடும். ஒன்றை நீக்கி ஒன்றை விட்டால் தண்டு சற்றே திசைமாறி வளரும். அடுத்தடுத்த கணுக்களில் இவ்வாறு எந்தப் பக்கத் துளிரை வைப்பது எனத் தேர்ந்தால், கம்பியில்லாமலேயே வளைவுநெளிவான தண்டைப் பெறலாம். கிளையொன்றைப் பருக்கச் செய்ய வேண்டுமாயின் அதனைச் சில மாதங்கள் கிள்ளாமல் நீள விட்டு, பின்னர் அடியில் வெட்ட வேண்டும். பூத்து முடிந்த மஞ்சரிகளை அடியோடு நறுக்கிவிடுவது வழக்கம். விதை வேண்டுவோர் சிலவற்றை விட்டுவைக்கலாம்.

இனப்பெருக்கம்

ஐந்து முதல் எட்டு செ.மீ. நீளமுள்ள நுனித்தண்டுத் துண்டின் அடி இலைகளை நீக்கி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, ஈரமான மணற்கலவையில் நட வேண்டும். வெப்பமான பருவத்தில் இரண்டு முதல் மூன்று வாரங்களில் வேர்விடும். வேர்த்தூண்டி மருந்து தேவையில்லை. நட்ட துண்டின் மேல் நெகிழி உறையைக் கவிழ்த்து மூடுவதையும் தவிர்க்கலாம். சதைப்பற்றுள்ள துண்டு உள்ளேயிருக்கும் நீரைக்கொண்டே தாங்கும், மூடினால் பூஞ்சை பிடிக்கும். பாறையில் வாழும் சதைப்பற்றுத் தாவரங்கள் பலவற்றில், முறிந்து விழும் கிளை கீழேயுள்ள இடுக்கில் சிக்கி வேர்விடுவது இயல்பாக நிகழ்கிறது. துண்டுகள் எளிதில் பிழைப்பதும் இவ்வாழ்க்கை முறையோடு ஒத்ததே.

விதைகள் மிகச் சிறியவை. பூவொன்றுக்கு நான்கு வரை உருவாகும். மெல்லிய மணல் மீது தூவி, மண் மூடாமல், கீழிருந்து நீர் ஏறுமாறு வைக்க வேண்டும். துண்டுகள் தாய்ச்செடியின் படிகளேயாதலால், வேறுபட்ட உருவங்களை விரும்புவோருக்கு விதையே வழி.

பூச்சிகள்

மாவுப்பூச்சியே முதன்மைப் பகை. இலைக்கக்கங்களிலும் தண்டின் முடிச்சுகளுக்கு இடையேயும் பஞ்சு போல ஒட்டியிருக்கும். சில பூச்சிகளே இருந்தால் சாராயத்தில் தோய்த்த பஞ்சால் துடைத்து எடுக்கலாம். வேரைத் தாக்கும் மாவுப்பூச்சி கண்ணுக்குத் தெரியாததால் அதிகக் கேடு விளைவிக்கும். காரணமின்றி வளர்ச்சி நின்ற செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்ப்பது நல்லது. வறண்ட கோடையில் செஞ்சிலந்தியும், காற்றோட்டமற்ற இடங்களில் வெள்ளை ஈயும் வரக்கூடும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். மயிருள்ள இலைகளில் எண்ணெய் தங்கி வெயிலில் கருகும் என்பதால் பகலில் தெளிக்கக்கூடாது.

காட்டுச் செடிகளும் வளர்ப்புச் செடிகளும்

குறுகிய பரப்பில், செங்குத்தான பாறைகளில் மட்டும் வாழும் இனமாதலால், சேகரிப்போரால் ஏற்படும் சிறு இழப்பும் இதற்குப் பெரிதாகும். எட்டக்கூடிய உயரத்திலுள்ள முதிய செடிகளே முதலில் பிடுங்கப்படும். அவையே ஆண்டுதோறும் விதை தருபவை. ஒரிபி மலையிடுக்கின் ஒரு பகுதி இயற்கைக் காப்பகமாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்கிருந்து செடிகளை எடுக்க அனுமதியில்லை.

பருத்த தண்டுடைய பிற ஆப்பிரிக்கத் தாவரங்கள் பல, முதிர்ந்த தோற்றத்தை உடனே பெற விரும்புவோருக்காகக் காட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு விற்கப்படுகின்றன. எர்ன்ஸ்டீயைப் பொறுத்தவரை அத்தகைய செயலுக்கு எவ்வித நியாயமும் இல்லை. நட்ட துண்டு மூன்று நான்கு ஆண்டுகளில் காட்டுச் செடிக்கு ஒப்பான உருவத்தைப் பெறுகிறது. பாறையிலிருந்து பெயர்க்கப்பட்ட முதிய செடியோ வேரிழந்து, தொட்டியின் ஈரத்திற்குப் பழகாமல் பெரும்பாலும் அழுகிவிடும். துண்டு வாங்கும்போது, தாய்ச்செடி எவ்விடத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு இருந்தால் அதனையும் பெயர்ச்சீட்டில் எழுதிவைப்பது சேகரிப்பாளர்களின் நல்வழக்கம். ஒரிபியிலிருந்து வந்த செடியும் பாண்டோலாந்தின் வேறு பள்ளத்தாக்கிலிருந்து வந்த செடியும் தொட்டியில் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். சீட்டு தொலைந்தபின் அவற்றைப் பிரித்தறிய வேறு வழியில்லை.